ஆள் வரும் வரை

செவ்வாய்க்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு ஆபத்சகாயம் தன் மகனிடம் பொய் சொல்லப் போவார்.

எழுபத்து நான்கு வயதில் அவர் வேறு யாரிடமும் பொய் சொன்னவர் இல்லை. விமானப்படையில் இருபத்தெட்டு ஆண்டுகள் இன்ஜின் பிரிவில் உழைத்து, மாஸ்டர் வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்றவர். பேராவூரணியில் கூட்டுறவுச் சங்கத் தேர்தலுக்கு நிற்கச் சொல்லி ஆட்கள் வந்தபோது, "மேடை ஏறி நாலு பொய் சொல்ல என் நாக்கு வளையாது, போய்ட்டு வாங்க" என்று வாசலோடு திருப்பி அனுப்பியவர். அப்படிப்பட்ட மனிதர் வாரத்தில் பத்து நிமிடம், கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்து, பெற்ற பிள்ளையிடம் கூசாமல் பொய் சொல்லிவிட்டு வருவார். ஏழு ஆண்டுகளாக இதுதான் நடைமுறை.

கோரைக்கரை விமானப்படைத் தளம் கடலை ஒட்டி இருக்கிறது. பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வாசல் காவலில் அவரை எல்லோருக்கும் தெரியும். உள்ளே, குடும்பத்தார் பேசுவதற்கென்று ஒரு சிறிய அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மைக், சுவரில் ஒரு ஒலிபெருக்கி. பக்கத்து அறை ஸ்குவாட்ரன் லீடர் பெனிட்டாவின் அலுவலகம். நாகர்கோவில் பெண். இந்தப் பேச்சுகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு.

"வாங்க அங்கிள். வெயில் கொளுத்துது, இல்லியா?"

"அங்கிள் இல்ல மேடம். வாரண்ட் ஆபீசர்."

"சரி, வாரண்ட் ஆபீசர் அங்கிள்."

அவர் மைக்கின் முன் உட்கார்ந்தார். ஒலிபெருக்கி லேசாக இரைந்தது.

"அப்பா?"

"நான்தான். எப்படி இருக்கே?"

"உக்காந்திருக்கேன். பெல்ட் கட்டி, ஹெல்மெட் மாட்டி, கொலு பொம்மை மாதிரி. நீங்க? சட்டைக்குக் கஞ்சி போட்டாச்சா?"

"போட்டிருக்கு."

"போன்ல பேச எதுக்குப்பா கஞ்சி?"

"பேசறது டியூட்டியில இருக்கிற ஆபீசர்கிட்ட."

நிதிலன் சிரித்தான். அதே சிரிப்பு. மூக்கால் தொடங்கி வாயில் முடியும் சிரிப்பு.

"மிருதுளா எப்படி இருக்கா? வலி ஏதாவது?"

"இன்னும் இல்ல. அஞ்சு நாள் ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"ஏன் அவ பேசறதே இல்ல? கோவமா?"

"படுத்தே இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. மனசு பதறக் கூடாதாம்."

"அம்மா?"

"கோயிலுக்குப் போயிருக்கா."

"எப்பக் கேட்டாலும் கோயில்தானா? அங்கேயே குடியேறிட்டாங்களா?" என்று கேட்டவன், குரலைக் கொஞ்சம் இறக்கினான். "அப்பா, ஆள் மாத்த யாருமே வரலியே. ரெண்டு மணி நேர டியூட்டி. பதினஞ்சு நாள் ஆச்சு."

"எல்லைல நெருக்கடி. ஆள் பத்தல. சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க. ஊசி போட்டிருக்கோம், பசிக்காது, தூக்கம் வராதுன்னு. நிஜமாவே வரல. ஒண்ணுக்குக்கூட வரலப்பா. அது ஒண்ணுதான் கொஞ்சம் பயமா இருக்கு."

"நம்ம வீட்டுல ஆள் வராம இடத்த விட்டு..."

"எழுந்திரிச்சவன் கிடையாது. தெரியும்ப்பா. தாத்தா, பனிமலை, கால்விரல். எல்லாம் தெரியும்."

"அப்ப சரி. வெக்கிறேன்."

"சரிப்பா. அடுத்த மணி நேரம் பேசுங்க."

அவனுக்கு அது அடுத்த மணி நேரம். அவருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை.

நிதிலன் சொன்ன கால்விரல் கதை அந்த வீட்டின் சொத்து. ஆபத்சகாயத்தின் தகப்பனார் தரைப்படையில் நாயக். பனிமலை உச்சியில் அவர் காவல் நின்றபோது, ஆள் மாற்ற வர வேண்டிய மூன்று பேரும் வழியில் பனிச்சரிவில் புதைந்து போனார்கள். அது தெரியாமல் மூன்று நாள் ஒற்றை ஆளாக நின்று, இடது காலில் நான்கு விரல்களை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தார். சில வீடுகளுக்கு நஞ்சை நிலம் பெருமை, சில வீடுகளுக்குக் கோயிலில் முதல் மரியாதை. இவர்களுக்கு இது. பெண் கேட்டுப் போன இடத்தில்கூட இதைச் சொல்லித்தான் கேட்டார்கள். இந்தக் காலத்தில் இது வேடிக்கையாகத் தெரியலாம். ஒரு குடும்பம் தலை நிமிர்ந்து நடக்க ஏதாவது ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

நிதிலன் கடலில் விழுந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன.

காரியம் முடிந்த மறுவாரம் ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். மிருதுளா அப்போது நிறைமாதம். கூடத்தில் நிதிலனின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து அவர் சொன்னார்:

"அலர்ட் டியூட்டின்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, வாரண்ட் ஆபீசர்."

"வேண்டியதில்ல. ஓடுதளத்து முனையில ரெண்டு விமானம். உள்ள பெல்ட் கட்டின பைலட். சைரன் அடிச்சா அஞ்சு நிமிஷத்துல ஆகாசத்துல இருக்கணும். தீபாவளி, பொங்கல் கிடையாது."

"அதுக்குத்தான் ஆள் இல்ல. இருக்கிற பைலட்டுங்கள்ல பாதிப் பேர் தூக்கம் கெட்டு நோயாளி ஆயிட்டாங்க. அதனால ஹெல்மெட்டுல ஒரு ஏற்பாடு செஞ்சோம். அலர்ட்ல உக்காந்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும், அவர் எப்படி யோசிக்கிறார், எப்படி முடிவெடுக்கிறார்னு அது பதிஞ்சுக்கிட்டே வரும். உங்க மகனோட பதிவு அறுநூறு மணி நேரம் இருக்கு. அதை விமானத்துல வெச்சா, அவரே உக்காந்திருக்கிற மாதிரி."

"மாதிரியா? இல்ல, அவனேவா?"

அதிகாரி தரையைப் பார்த்தார். "அவருக்கு, அவரேதான்."

இன்னும் சிலவற்றை அவர் சொன்னார். வேலை இல்லாத நேரத்தில் பதிவை மெதுவாக ஓட விடுவார்கள். வெளியே ஒரு வாரம் அதற்கு ஒரு மணி நேரம்; பேசும்போது மட்டும் நம் வேகம். வீட்டு மனிதர் குரல் கேட்காத பதிவு சில மாதங்களில் மந்தமாகிவிடும்; சைரன் அடித்தாலும் அசையாது. அழித்துவிட்டு மறுபடி தொடங்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்ந்துபோகும். அதனால் வாரம் ஒரு முறை வீட்டார் பேச வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறை கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்குரியவராக நிதிலன் எழுதி வைத்திருந்த பெயர் அப்பாவுடையது.

"செத்துட்டோம்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியக் கூடாது. தெரிஞ்ச பதிவு எதுவும் சைரனுக்கு எழுந்திரிக்கல."

அதுவரை சமையலறை நிலைப்படியில் நின்றிருந்த அவர் மனைவி சௌந்தரம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "குரல் கேக்குமா?"

"கேக்கும்மா."

"அப்ப போடுங்க கையெழுத்த."

அவள் குரலுக்காகச் சொன்னாள். அவர் கடமைக்காகப் போட்டார். எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னார்.

மிருதுளா திருச்சியில் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். சௌந்தரம் காலமான பிறகு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வந்து மாமனாருக்கு நாலு நாளைக்கு ஆகிற மாதிரி சமைத்து வைத்துவிட்டுப் போவாள். அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமை குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வந்தாள். வத்தக்குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"மாமா, இந்த வருஷம் அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க."

"எந்தப் பேப்பர்?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீங்க. டிவி மேல வெச்சிருக்கீங்களே, அது."

"அவன் டியூட்டியில இருக்கான்."

"அவரு செத்துட்டாரு மாமா."

"அத நீ சொல்லித் தெரிஞ்சுக்கிற நிலைமையில நான் இல்ல."

"அப்ப விட்டுடுங்க அவர. உங்க அப்பா மூணு நாள் நின்னாரு, அதையே மூணு தலைமுறையா பேசறோம். இவரு ஏழு வருஷம்."

"அவனுக்குப் பதினஞ்சு நாள்தான்."

"பதினஞ்சு நாள்தானா! உங்கள ஒரு சீட்டுல பெல்ட் போட்டுக் கட்டிப் பதினஞ்சு நாள் உக்கார வெச்சா?"

"வெச்சா உக்காருவேன்."

"உக்காருவீங்க. நல்லா உக்காருவீங்க. அதான் மாமா பிரச்சினையே."

அவள் அவருக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். குரல் தணிந்தது.

"கைல புள்ளைய வெச்சுக்கிட்டு, இன்னும் வயித்துலதான் இருக்குன்னு சொல்லச் சொன்னீங்க. சொன்னேன். மூணு தடவ சொன்னேன். அவரு பேருப் பட்டியல் போட்டுக்கிட்டிருந்தாரு. பொண்ணா இருந்தா இது, பையனா இருந்தா அதுன்னு. மடியில இவ சிணுங்கறா, நான் வாயைப் பொத்தறேன். பெத்த புள்ளையோட வாய, அதோட அப்பனுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு பொத்தினேன் மாமா. அதுக்கப்புறம் அந்த ரூமுக்குள்ள நான் வரல."

"உன்னைக் குத்தம் சொன்னேனா?"

"சொல்லல. நான்தான் சொல்லிக்கிறேன்."

"இப்ப நான் அவனை எழுந்திரிக்கச் சொன்னா, நாளைக்கு என்ன பேசுவாங்க? ஆபத்சகாயம் மகன் காவல்ல பாதியில எழுந்து போனான்னு..."

"யாரு பேசுவாங்க? பேரச் சொல்லுங்க. ஒரே ஒரு பேரு."

அவர் யோசித்தார். உடன் வேலை பார்த்தவர்கள், ஊரில் சம வயதுக்காரர்கள், பங்காளிகள். ஒவ்வொரு பெயராக மனதில் எடுத்தார். ஒவ்வொன்றும் மாலை போட்ட படமாக இருந்தது. எழுந்து போய் அடுப்பிலிருந்து குழம்பை இறக்கி வைத்தார். அது இன்னும் கொஞ்சம் கொதித்திருக்க வேண்டும்.

மிருதுளா சாதம் வடித்து, அவருக்குப் பரிமாறி, பாத்திரம் துலக்கிவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை, குளித்துவிட்டு, ஆபத்சகாயம் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பேசும் அறையில் நிதிலன் கஞ்சியைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? கோவப்படக் கூடாது."

"கேளு."

"நான் எழுந்திரிக்கட்டுமா?"

ஆபத்சகாயத்தின் கை மேஜை மேல் அப்படியே நின்றது.

"பயந்துக்கிட்டுக் கேக்கலப்பா. என்னமோ சரியில்ல. பதினஞ்சு நாள் ஒரே இடத்துல உக்காந்தவனுக்குக் கால் மரத்துப்போகணும்ல? மரத்துப்போகல. நகம் வளரல. மூச்சு விடறேன், ஆனா கண்ணாடியில ஆவி படியல. நானா எழுந்திரிக்க மாட்டேன். நீங்க சொன்னா எழுந்திரிக்கிறேன். நீங்க சொல்லி எழுந்தா அது ஓடிப்போனது ஆகாது."

இந்தக் கேள்விக்கு முன்னால்தான் ஒரு மனிதன் யார் என்பது தெரியும். ஆபத்சகாயம் யார் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. நாற்பது நொடியும் ஆகியிருக்காது.

"உக்காருடா" என்றார்.

ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது.

"சரிப்பா" என்றான் நிதிலன்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அன்று நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் கிடந்தவனை எழுப்பி, சட்டையை மாட்டிவிட்டு, போய் எழுது என்று அவர் சொன்னபோதும் அவன் இதே குரலில் இதே வார்த்தையைத்தான் சொன்னான். அன்று அது அவருக்கு இனித்தது.

அவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போய், கையெழுத்திட்ட படிவத்தைப் பெனிட்டாவின் மேஜை மேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"மேடம், ஒரு உதவி. அந்த விமானத்தப் பாக்கணும்."

"எந்த விமானம்?"

"என் பையன் உக்காந்திருக்கிறது. தூரத்துல நின்னு பாத்தாப் போதும்."

"இன்னைக்கு முடியாது சார். பாதுகாப்பு விதி இருக்கு. மேல கேக்கணும்."

சார் என்றாள். ஏழு ஆண்டில் ஒரு முறையும் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"இருபத்தெட்டு வருஷம் நான் விமானத்துக்கு அடியில மல்லாந்து கிடந்தவன். எனக்கா விதி சொல்றீங்க? ஏன் மேடம், உங்க முகம் ஏன் இப்படி ஆகுது?"

பெனிட்டா படிவத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு ஜீப் சாவியை எடுத்தாள்.

ஓடுதளத்தின் கிழக்கு முனையில் இருந்தது அந்தக் கொட்டகை. பெரிய இரும்புக் கதவை இரண்டு பேராகத் தள்ளித் திறந்தார்கள். உள்ளே விமானம் இல்லை. தரையில் பழைய எண்ணெய்க் கறை. அதன் மேல் வெள்ளைக் கோடு போட்டு, நடுவில் வலை கட்டி, இறகுப்பந்து ஆடுகிற இடமாக்கியிருந்தார்கள். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

"எங்கே?" என்றார்.

"போயிருச்சு சார். ரெண்டு வருஷம் ஆச்சு." அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "இப்ப இந்தக் கரையை மேல இருந்து சாட்டிலைட்டே பாத்துக்கிடுது. பைலட்டும் வேண்டாம், பதிவும் வேண்டாம்னு ஆயிட்டு. இங்க பதினோரு பதிவு இருந்துச்சு. ஒவ்வொரு குடும்பமா கூப்பிட்டுச் சொன்னோம். வந்தாங்க, கடைசியா ஒரு தடவ பேசினாங்க, நிறுத்திட்டோம். பத்துப் பேரு."

"பதினோராவது?"

"நீங்க சார்."

கடற்காற்றில் அந்த வலை ஆடிக்கொண்டிருந்தது.

"உங்ககிட்டயும் ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லிரணும்னுதான் இருந்தேன். நீங்க மொட்டையோட வந்தீங்க. உங்க வீட்டம்மா போய் நாலு நாளுதான் ஆயிருந்துச்சு. மகன் செய்ய வேண்டியத நீங்களே செஞ்சுட்டு வந்து, உள்ள உக்காந்து, அம்மா கோயிலுக்குப் போயிருக்கான்னு சொன்னீங்க. நான் இந்தப் பக்கம் கேட்டுட்டு இருந்தேன். வெளிய வந்து என்கிட்ட, 'என் பையன் அவன் இடத்துல இருக்கான் மேடம், அது போதும், நான் இருந்துருவேன்'னு சொன்னீங்க. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்லட்டு?"

"கையெழுத்து?"

"அடுத்த மே மாசம் நீங்களே வந்து படிவம் எங்கன்னு கேட்டீங்க. நான்தான் பழசப் பாத்து அடிச்சுக் கொடுத்தேன். இந்த வருஷமும்."

"அவன் எங்கே?"

"ஒரு சின்னப் பெட்டிதான் சார். என் மேஜைக்குப் பின்னால, அலமாரில."

அவளை அறைந்துவிடலாம் என்று கை துடித்தது உண்மை. ஆனால் ஆபத்சகாயம் நியாயம் தெரிந்தவர். அந்தப் பெண் சொன்ன பொய் ஒன்று. அதை அவருடைய ஐந்து ஆண்டுப் பொய்யின் மேல்தான் அவள் அடுக்கியிருந்தாள். அடித்தளம் யார் போட்டது? இரண்டு ஆண்டு என்றால் நூற்று நான்கு வாரம். நூற்று நான்கு மணி நேரம். நாலு நாளுக்கும் மேலாக அவர் மகன் ஓர் அலமாரிக்குள் பெல்ட் கட்டிக்கொண்டு, யாரோ இறகுப்பந்து ஆடுகிற கொட்டகைக்குக் காவல் இருந்திருக்கிறான். இப்போது, அரை மணி நேரத்துக்கு முன், எழுந்திருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறான்.

"மேடம், நான் மறுபடி பேசணும்."

"இப்பத்தானே பேசினீங்க? அவருக்கு அரை நிமிஷங்கூட ஆயிருக்காது."

"நல்லதாப் போச்சு. ரொம்ப நேரம் உக்காந்திருக்க மாட்டான்."

அலர்ட் டியூட்டியில் ஆள் மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு. உட்கார்ந்திருக்கிறவன் 'கொடுத்துட்டேன்' என்று சொல்ல வேண்டும். ஏணியில் ஏறி வருகிறவன் 'எடுத்துக்கிட்டேன்' என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் உள்ளதை உள்ளபடி பேசிக்கொள்ள வேண்டும். எது சரியாக இருக்கிறது, எது பழுது, எதை நம்பக் கூடாது. ஒன்றை மறைத்துவிட்டு மாற்றினால் மாற்றியதாகக் கணக்கில்லை. தரையில் நின்றபடி ஆயிரம் முறை அதைப் பார்த்தவர் ஆபத்சகாயம்.

"அப்பா? என்ன, இப்பத்தானே வெச்சீங்க?"

"ஆள் வந்தாச்சு நிதிலா."

பெரிய மூச்சு ஒன்று கேட்டது. "அப்பாடா. யாருப்பா? எந்த ஸ்குவாட்ரன்?"

"நான்தான்."

"நீங்களா?" சிரிப்பு. "உங்களுக்கு ஓட்டத் தெரியாதேப்பா."

"ஓட்டத் தெரியாது. உக்காரத் தெரியும்."

"கிண்டல் பண்ணாதீங்க. மிருதுளாவுக்கு வலி வந்துடுச்சா? அதான் என்னைக் கூப்பிடறீங்களா?"

"பொறந்துடுச்சுடா. பொண்ணு."

ஒலிபெருக்கி ஒரு கணம் அடைத்துக்கொண்டது போல் இருந்தது. பிறகு அவன் சிரித்தான், அழுதான், ஏதேதோ உளறினான். எப்போ, யார் மாதிரி இருக்கா, மிருதுளா நல்லா இருக்காளா. இங்கேயே நிறுத்திவிடலாம். நிலைக்கதவில் சாய்ந்து நின்ற பெனிட்டாவின் கண்கள் அதைத்தான் கெஞ்சின. சந்தோஷத்தோடு போகட்டுமே. ஆபத்சகாயம் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார். மாட்டேன் என்று.

"உன்னை மாதிரிதான் இருக்கா. கயல்னு பேரு. நீ போட்ட பட்டியல்ல இருந்ததுதான்." மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டார். "போன வாரம் முன்பல்லு ரெண்டு விழுந்துடுச்சு. பேசினா காத்துதான் வருது."

சிரிப்பு நின்றது.

நிதிலன் மூடனல்ல, எதிரி விமானத்தைத் திரையில் ஒரு புள்ளியாகப் பார்த்தே அது என்ன ரகம் என்று சொல்லக்கூடியவன்.

"ஆறு வயசா?"

"ஏழு."

"அப்ப நான்?"

"நீ போன. துரத்திக்கிட்டுப் போன. வந்தவன் உள்ள வரல. நீயும் திரும்பி வரல."

"இங்க இருக்கிறது?"

"ஹெல்மெட் பதிஞ்சு வெச்சது."

"அதான் மரத்துப்போகலியா" என்றான் அவன், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு, "அம்மா?"

"ரெண்டு வருஷம் ஆச்சுடா."

"நீங்க எப்படிப்பா தனியா? சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?"

அந்தக் கேள்வியில்தான் ஆபத்சகாயம் உடைந்தார். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மிருதுளா வந்து செஞ்சு வெச்சுட்டுப் போறா."

"நெருக்கடின்னது?"

"இல்ல. ஒண்ணும் இல்ல. விமானமே இங்க இல்லடா. ரெண்டு வருஷமா இல்ல."

"அப்ப நான் எதுக்குப்பா காவல் இருந்தேன்?"

இதற்குச் சொல்ல நல்ல பதில்கள் அவரிடம் இருந்தன. தேசம், கடமை, தாத்தாவின் கால்விரல். ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். அவன் எப்போதும் நம்பினான்.

"எனக்காக" என்றார். "என் பையன் டியூட்டியில இருக்கான்னு சொல்லிக்க எனக்கு வேண்டியிருந்துச்சு. அதுக்காக."

மறுபடியும் இரைச்சல்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா" என்றான் நிதிலன்.

கோபமே இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"நான் எழுந்திரிச்சா எங்கப்பா போறது?"

"வீட்டுக்குப் போடா. அம்மா இருக்கா அங்க."

"சரிப்பா." பிறகு டியூட்டிக் குரலில், ஒவ்வோர் எழுத்தும் திருத்தமாக: "கொடுத்துட்டேன்."

"எடுத்துக்கிட்டேன்."

பெனிட்டா உள்ளே போனாள். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியின் இரைச்சல் நின்றது. ஏழு ஆண்டுகளாக அந்த இரைச்சல் இல்லாமல் அந்த அறை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

வெகு நேரம் கழித்து மிருதுளாவுக்கு போன் போட்டார்.

"என்ன மாமா, இந்த நேரத்துல?"

"எழுந்திரிச்சுட்டாம்மா."

அவளுக்குப் பின்னால் யாரோ டிரான்ஸ்பார்மர் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மெல்லத் தேய்ந்தது. வெளியே நடந்து வந்துவிட்டாள் போலிருக்கிறது.

"சொல்லிட்டீங்களா?"

"எல்லாத்தையும்."

"பாப்பாவ?"

"பல்லு விழுந்தது வரைக்கும்."

சிரித்தாளா அழுதாளா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் காத்திருந்தார். ஒரு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"எங்க மாமா இருக்கீங்க?"

"இங்கதான். பேசற ரூம்ல."

"நான் கிளம்பி வரட்டுமா? மூணு மணி நேரத்துல வந்துடுவேன்."

"எதுக்கும்மா? ஆபீஸ்ல வேலை கெட்டுப்போகும். எனக்குப் பன்னிரண்டு மணி பஸ் இருக்கு."

சொல்லிவிட்டு எழப் பார்த்தார். கால்கள் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. இன்னொரு முறை, மேஜையை ஊன்றிப் பார்த்தார். சட்டையின் மடிப்புக் கலையாமல், வியர்வை மட்டும் முதுகில் இறங்கியது. யாரையும் வா என்று கூப்பிட்டு அவருக்குப் பழக்கமில்லை. போனில் அவள் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வைக்கவில்லை.

"வாம்மா" என்றார்.